பல் படாமல்

அம்மா குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக அந்தச் சட்டியைக் கழுவுகிற முதல் தண்ணீர் எங்களுக்குத்தான் வரும். புளியும் மஞ்சளும் அடியில் ஒட்டிக்கிடந்த மீன் துணுக்கும் அதில் மிதக்கும். அன்றைக்கு அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள், புளி போட்டுத் தேய்த்தாள், மறுபடியும் சாம்பல். எங்கள் மூக்குக்குக்கூட அந்தச் சட்டியில் ஒன்றும் மிஞ்சாமல் போகும்வரை விடவில்லை. பிறகு அதை வெயிலில் காயவைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் சுற்றி முடிச்சுப் போட்டு, ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் வைத்தாள். நாங்கள் மூன்று பேரும் கழுத்தை நிமிர்த்திப் பரணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்னா பாக்கறீங்க? பொரட்டாசி பொறந்திடுச்சி. இந்த மாசம் முடியறவரைக்கும் இந்த வூட்டுல யாருக்கும் கவுச்சி கெடையாது. யாருக்கும்னா யாருக்கும்தான்" என்றாள்.

அவள் பெயர் தனம். எங்களிடம் பேசும்போது தன்னை அம்மா என்றுதான் சொல்லிக்கொள்வாள், அதனால் நானும் அப்படியே சொல்கிறேன். அவள் புருஷன் பூவராகன் எங்களுக்கு அப்பா. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற தெருவில் எங்கள் வீடு. அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். இந்த வீட்டில் நாய்களுக்குப் புயலின் பெயர்தான் வைப்பார்கள். கூரையைப் பிய்த்துக்கொண்டு போன தானே புயலுக்கு மறுநாள், கவிழ்ந்துகிடந்த படகுக்கு அடியில் ஈர வலையோடு சேர்ந்து ஒரு குட்டி அகப்பட்டது. அதற்குத் தானே என்று பெயர். நிவர் புயல் மழையில் யாரும் கூப்பிடாமல் நானாகவே இந்த வாசலுக்கு வந்து சேர்ந்தேன். நான் நிவர். வெள்ளம் வந்தபோது தெர்மாகோல் மீன் பெட்டி ஒன்றில் மிதந்து வந்தவன் பெஞ்சல். பக்கத்து வீட்டுக் கனிமொழி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அடுத்த புயலுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாயா அக்கா என்று கேட்பாள்.

மூன்று அலுமினியத் தட்டுகளில் அன்று சாம்பார் சாதம் வந்தது. பெஞ்சல் இரண்டு வாயில் முடித்துவிட்டான். அவனுக்கு இன்னும் முழுதாக ஒரு வயது ஆகவில்லை. செருப்பைக் கொடுத்தாலும் தின்பான். நான் பாதி தின்றேன். தானே தட்டை மோந்து பார்த்துவிட்டுத் தலையை உயர்த்திக் காத்திருந்தான். அவனுக்குக் கண் தெரியாது. இரண்டு கண்ணிலும் வெள்ளையாகப் படர்ந்து நாளாகிவிட்டது. பற்களும் பெரும்பாலும் போய்விட்டன. காரப்பொடி மீனை மஞ்சள் போட்டு அவித்து, கையாலேயே பிசைந்து சோற்றோடு குழைத்துத்தான் அம்மா அவனுக்குத் தருவாள். இது வேறு யாருக்கோ வைத்த தட்டு, தன்னுடையது பின்னால் வரும் என்று அவன் நினைத்துக்கொண்டானோ என்னவோ. வெயில் திரும்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் வந்த அந்த மழை இரவில் அவன் என்னைப் பார்த்து உறுமவில்லை. சோற்றுத் தட்டிலிருந்து வாயை எடுத்துவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவ்வளவுதான். தின்னு என்று அர்த்தம். பசியோடு நின்றது நான், விலகிக்கொண்டது அவன். பிறகு பெஞ்சல் வந்தபோதும் அப்படியே செய்தான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். மனிதர்களுக்கு வராத குணம் இது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

கூடத்துச் சுவரில் ஒரு சாமி காலண்டர் மாட்டியிருக்கிறது. அப்பாவுக்குப் பெயர் கொடுத்த ஸ்ரீமுஷ்ணத்துச் சாமி. மற்றச் சாமிகளைப்போல இல்லை அவர். அவருக்கு மனித முகம் கிடையாது, நீண்ட மூக்குள்ள பன்றி முகம். எனக்கு அவர்மேல் ஒரு பிரியம் உண்டு. மூக்கு நீண்டவர்களுக்கு மோந்து பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும், யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவருடைய கதையை அம்மா என் ஈரத்தைத் துவட்டிக்கொண்டே ஒருமுறை சொன்னாள். பூமியை ஒரு அசுரன் கடலுக்குள் கொண்டுபோய் ஒளித்துவிட்டானாம். சாமி கடலுக்குள் முங்கிப்போய், பூமியை மூக்கால் ஏந்தித் தூக்கிக்கொண்டு வந்தாராம். "பல்லு படாம கொண்டாந்தாருடி" என்றாள். "அம்மாம் பெரிய பல்ல வச்சிக்கினு, ஒரு கீறல் உழாம."

அந்தச் சாமிக்காகப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மட்டும் இந்த வீட்டில் மீன் வராது. அது எனக்குப் பழக்கம். ஒரு மாதம் முழுவதும் என்பது இந்த வருஷம்தான். காரணம் தீபிகா.

தீபிகா அவர்களுடைய ஒரே பெண். அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தானே அவளுடைய நாயாக இருந்தான். இப்போது கட்டிக்கொடுத்து, சிதம்பரத்தில் இருக்கிறாள். புருஷன் சுரேந்தர் அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அவள் வயிற்றில் இரண்டு முறை பிள்ளை தங்கி, இரண்டு முறையும் நிலைக்கவில்லை. ஆடி மாதம் அவள் வந்தபோது நான் அவள் வயிற்றில் மூக்கை வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒருவர் இருந்தார். அதற்கப்புறம் டாக்டர் அவளைப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வரவேண்டியவள் சிதம்பரத்திலேயே கிடந்தாள். அம்மா இங்கேயும் அங்கேயுமாக அலைந்தாள்.

முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா கேட்டார். நாம் இருக்கலாம், நாய்கள் எதற்கு இருக்கவேண்டும், அதுகளும் நாமம் போட்டுக்கொண்டதா என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அம்மா சிரிக்கவில்லை.

"போன வருசம், அதுக்கு முன்னாடி எல்லாம் சனிக்கெழமை மட்டும்னு அளந்து குடுத்தேன் மாமா. அவரும் அளந்துதான் குடுத்தாரு. இந்த வாட்டி வூட்டுல இருக்கற அத்தினி பேரும்னு வேண்டிக்கினேன். இதுங்க வூட்டு ஆளுங்க இல்லியா? பேரு வச்சிக் கூப்படறோம், நோவுன்னா ஊசி போடறோம். வேண்டுதலைக்கு மட்டும் நாயின்னு தள்ளி வெக்கச் சொல்றியா?"

அப்பா குனிந்து சோற்றைப் பிசைந்தார். அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. எங்களை ஆளாக மதிக்கிறவள் சொல்கிற பேச்சு அது.

இரண்டாவது நாளே பெஞ்சல் துறைமுகத்து மீன் ஏலக் கூடத்துக்கு ஓடிப்போய் எதையோ தின்றுவிட்டு வந்தான். அம்மா தரையில் மண்டியிட்டு எங்கள் ஒவ்வொருவர் வாயையும் பிளந்து மோந்து பார்த்தாள். மனிதர்கள் எங்களை மோந்து பார்ப்பது அபூர்வம். அவர்கள் மூக்கு அதற்கு ஆகாதது, ஆனாலும் பெஞ்சல் அகப்பட்டுக்கொண்டான். வேலிக்கப்பால் நின்றிருந்த கனிமொழி, "என்னாக்கா, போலீஸ்காரன் வாய ஊதச் சொல்ற மாதிரி இருக்குது" என்றாள். அம்மா அவனை அடிக்கவில்லை. வாயைத் துளசித் தண்ணீரால் கழுவினாள், காலண்டர் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு தகரக் கதவைச் சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டு, அதன் அடியில் நாங்கள் நுழைந்து போகிற பள்ளத்தில் ஒரு கருங்கல்லைப் புரட்டி வைத்தாள்.

அதிலிருந்து என் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. கதவிலிருந்து குழாயடி, குழாயடியிலிருந்து பின்சுவர், பின்சுவரிலிருந்து மறுபடி கதவு. மண்ணில் என் தடம் ஒரு கோடாகவே விழுந்துவிட்டது. அந்தப் பக்கம் எல்லாம் நடந்துகொண்டிருந்தது. விடியும் முன்பே படகுகள் உப்பனாற்றுக்குள் திரும்பும் சத்தம், ஐஸ் கட்டிகளை உடைக்கிற மிஷின், ஏலம் கூவுகிறவனின் குரல், வண்டிகள், காக்கைகள். எல்லாவற்றுக்கும் மேலாக வாசனை. காற்று அந்தப் பக்கமிருந்து அடிக்கும்போது சங்கரா தனியாக, நெத்திலி தனியாக, இறால் தனியாக வந்து தகரக் கதவின் இடுக்கு வழியாக என் மூக்கில் இறங்கும். நான் கல்லைப் பிறாண்டினேன். நகம் தேய்ந்ததுதான் மிச்சம். பெஞ்சல் கயிற்றைக் கடித்தான், துணியைக் கடித்தான், என் வாலைக் கடித்தான். அப்பா வந்ததும் நாங்கள் இருவரும் அவர் பாதத்தில் விழுந்து விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் செதிலுக்காக நக்குவோம். அதையும் அம்மா கண்டுபிடித்தாள். கதவுக்கு வெளியிலேயே ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் எலுமிச்சம்பழத் தோலும் வைத்துவிட்டாள். அப்பா காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார். கோயிலுக்குள் நுழைகிறவர்போல வருவார். எங்களுக்கு அவரிடம் எலுமிச்சை வாடை மட்டுமே மிஞ்சியது.

தானே எங்கும் நடக்கவில்லை. வாசல்படிக்குப் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தான். முதலில் சாம்பார் சாதத்தை விட்டான். தயிர் சாதத்தில் இரண்டு வாய் நக்கினான், பிறகு அதையும் விட்டான். அம்மா நெய் விட்டுப் பிசைந்தாள், பாலில் ரொட்டியை ஊறப்போட்டாள், ஹார்லிக்ஸ் கலக்கி வந்தாள். மடியில் அவன் தலையை வைத்துக்கொண்டு, "எங்கண்ணு இல்ல, எஞ்சாமி இல்ல" என்று விரலால் ஊட்டினாள். அவன் மரியாதைக்கு அவள் விரலை ஒருமுறை நக்குவான். நாக்கு தாண்டி உள்ளே எதுவும் போகாது. அவனுக்குக் கண் இல்லை, பல் இல்லை, இந்த உலகத்தோடு அவனைக் கட்டியிருந்த கயிறு மூக்கு ஒன்றுதான். அந்தக் கயிறு இழுப்பதற்கு இப்போது எதுவும் இல்லாமல் போய்விட்டது. அவன் தட்டை ராத்திரியில் பெஞ்சல் காலி செய்தான். நான் செய்யவில்லை. பசி இல்லாமல் இல்லை.

சிதம்பரம் போய்விட்டு வரும் நாட்களில் அம்மாவின் புடவையில் நான் படித்துக்கொள்வதற்கு நிறைய இருக்கும். பஸ்ஸின் டீசல், ஆஸ்பத்திரித் தரையைத் துடைக்கிற மருந்து, தீபிகாவின் தலை எண்ணெய், அப்புறம் துளசி. பெரிய கோயிலுக்குப் போய், நடராஜர் சந்நிதிக்குப் பக்கத்திலேயே பள்ளிகொண்டிருக்கிற கோவிந்தராஜரை அவள் கும்பிட்டுவிட்டு வருவாள். அங்கே கொடுத்த துளசியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, ஒரு தளத்தைக் கிள்ளி அப்பாவுக்கு, ஒன்று எனக்கு, ஒன்று பெஞ்சலுக்கு, ஒன்று தானேவுக்கு. நாக்கில் வைத்தால் சுள்ளென்று இருக்கும். தானே அதை மட்டும் துப்பாமல் வைத்துக்கொண்டான்.

ஒருநாள் தீபிகா போனில் முகம் காட்டிப் பேசினாள். என்னைப் பார்த்தாள், பெஞ்சலைப் பார்த்துச் சிரித்தாள், தானேவைக் காட்டச் சொன்னாள். அம்மா போனை அவன் பக்கம் திருப்பிவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

"ஏம்மா இப்பிடி எளச்சிட்டான்? நெஞ்செலும்பு தெரியுது. மீனு குடுக்கலியா?"

"வயசாயிடுச்சுடி. குடுத்துக்கினுதான் இருக்கேன்" என்றாள் அம்மா.

அவள் பொய் சொன்னபோது உடம்பிலிருந்து ஒரு வாடை வந்தது. பயத்தின் வாடை அது, நாய்க்கும் மனிதருக்கும் அது ஒன்றுதான். போனை வைத்துவிட்டு நெடுநேரம் அதன் கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது சனிக்கிழமை பூஜை முடிந்து, தெருவில் கோவிந்தா போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகளுக்கு அரிசி போட்டுவிட்டு வந்தாள். அப்பா தானேவின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் விலாவில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தனம், ரெண்டே ரெண்டு காரப்பொடி. நான் படகுலயே அவிச்சி எடுத்தாறேன், நீ பாக்க வேணாம். இல்லன்னா இது போயிரும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். அடுப்படியிலிருந்து அவள் குரல் மட்டும் வந்தது. "இன்னும் கொஞ்ச நாளுதானே மாமா. அதுக்குள்ள நான் வாக்கு மாறிட்டு, அங்க எதுனா ஒண்ணு ஆச்சின்னா, நான் எங்க போயி முட்டிக்கறது?"

அவளுக்கு ஒரு பக்கம் பேரனோ பேத்தியோ, இன்னொரு பக்கம் தானே. நடுவில் அவள் சொன்ன வார்த்தை. அதன்பின் அவள் தானேவின் முகத்தை நேராகப் பார்ப்பதை விட்டாள். தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவாள். கதவுக்கும் குழாயடிக்கும் நான் நடப்பதுபோல அவள் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். எனக்கு மண்ணில் தடம் விழுந்தது. அவளுக்குச் சிமெண்ட் தரை, அதனால் தெரியவில்லை.

நான் சொல்ல வந்த காலையில், புரட்டாசி முடியச் சில நாளே இருந்தபோது, வானம் மூடிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாமல் போன் அடித்தது. சுரேந்தர்தான். தீபிகாவுக்கு நாள் இருக்கும்போதே வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது, உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், டாக்டர் எதுவும் சொல்லமாட்டேன் என்கிறார். அம்மா, "பெருமாளே, பெருமாளே" என்று சொல்லிக்கொண்டே தலைவிரி கோலமாகக் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். கனிமொழியிடம் எங்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்ல வேண்டும், கரை சேர்ந்திருக்கும் அப்பாவுக்குத் தகவல் சொல்லி ஆட்டோவோடு வரச்சொல்ல வேண்டும். கனிமொழி வீட்டு வாசலில் அவள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தகரக் கதவு காற்றில் ஆடிக்கொண்டு திறந்து கிடந்தது.

நான் தானேவைப் பார்த்தேன். அவன் மூச்சு மண்ணைத் தொட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மண்ணில் தூசுகூட அசையவில்லை.

ஓடினேன். இத்தனை நாள் கோடாகவே நடந்த கால்கள் இப்போது நேராகப் போகத் தெரியாமல் பக்கவாட்டில் இழுத்தன. ஏலக் கூடத்தில் ஈரமும் கூச்சலும் காலுமாக இருந்தது. ஒரு பெண்ணின் அன்னக்கூடை ஓரத்தில் சூடை மீன்கள் வெள்ளியாகக் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கவ்வினேன். "அடி நாயே" என்று யாரோ எறிந்த கல் என் தொடையில் விழுந்தது. திரும்பாமல் ஓடினேன். என் நாக்கின்மேல் அந்த மீன் குளிர்ச்சியாகக் கிடந்தது. உப்பு இறங்கியது. ஒரு மாதப் பசி என் தாடைகளை மேலும் கீழும் இழுத்தது. எச்சில் ஊறி வாயோரம் வழிந்தது. கொஞ்சம் அழுத்தினால் போதும், அது என்னுடையது. துறைமுகத்து நாய்கள் இரண்டு துரத்தின. நான் மூச்சு விடக்கூட வாயைத் திறக்கவில்லை, இறுக்கி மூடவும் இல்லை. இவ்வளவு பல்லை வைத்துக்கொண்டு ஒரு கீறல்கூட விழாமல் ஒன்றைக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம் என்று அந்தச் சாமிக்குத்தான் தெரிந்திருக்கும்.

வாசலில் பெஞ்சல் பாய்ந்து வந்தான். அவனைப் பார்த்து முதல்முறையாக உறுமினேன். வாலை இடுக்கிக்கொண்டு விலகினான்.

மீனைத் தானேவின் முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்தேன். முதலில் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் அவன் மூக்கின் ஓரம் துடித்தது. தலை மெதுவாக எழுந்தது. வால் ஒருமுறை மண்ணைத் தொட்டது. ஒரு காலை மீன்மேல் போட்டு, மோவாயை அதன்மேல் வைத்து நக்க ஆரம்பித்தான். கிழிக்க அவனுக்குப் பல் இல்லை. நக்கினான், மறுபடி நக்கினான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா கனிமொழி வீட்டிலிருந்து திரும்பி, பின்பக்கமாகவே உள்ளே போய் முகம் கழுவி, விளக்கேற்றிக் கும்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வாசல்படியில் வைத்த கால் அப்படியே நின்றது.

பை கையிலிருந்து இறங்கியது. என்னைப் பார்த்தாள். என் வாயோரத்து எச்சிலையும் ஒட்டியிருந்த செதிலையும் பார்த்தாள். நான் தலையைக் குனியவில்லை. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "இன்னிக்கா" என்று மட்டும் சொன்னாள். "இன்னிக்குத்தானா?"

குனிந்து, மீனைப் பிடுங்குவதற்காகக் கையை நீட்டினாள். அவள் விரல் மீன்மேல் பட்டதும் தானேவுக்குத் தெரிந்தது. அவன் உறுமவில்லை. காலை எடுத்தான். வாயை எடுத்தான். கண் தெரியாத முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

அம்மாவின் கை அங்கேயே நின்றது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் திரும்பலுக்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அதே திரும்பல்தான். பசியோடு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அவள் அழவில்லை. மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து உள்ளே போனாள். ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. நான் வாசல்படியில் நின்று பார்த்தேன். பரணிலிருந்து சட்டியை இறக்கினாள். வேட்டித் துணியின் முடிச்சு இறுகியிருந்தது, நகத்தால் அவிழ வரவில்லை, பல்லால் கடித்து அவிழ்த்தாள். காலண்டர் முன்னால் சட்டியோடு கொஞ்சம் நின்றாள். எதுவும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. நீண்ட மூக்குள்ள அவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசலில் கிடந்த மீனை எடுத்து வந்து ஆய்ந்து, மஞ்சள் போட்டு அடுப்பில் வைத்தாள்.

வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. அப்பா காலைக் கழுவாமலே ஓடிவந்தார். அடுப்பில் கொதிக்கிற வாசனை அவரை வாசலிலேயே நிறுத்தியது. அவளைப் பார்த்தார், தானேவைப் பார்த்தார், புரிந்துகொண்டார்.

"நீ தொடாத தனம். வேண்டிக்கினவ நீ. நான் குடுக்கறேன், நீ போயி வண்டியில ஏறு. எதுனா ஆவறதா இருந்தா எம்மேல ஆவட்டும்."

"அவன் வாய எடுத்துக்கினான் மாமா" என்றாள் அம்மா. "நான் கைய நீட்டுனேன், அவன் வாய எடுத்துக்கினான்." சட்டியைத் துணியால் பிடித்து இறக்கினாள். "கேக்கறதுன்னா என்னையே கேக்கட்டும். நான் சொல்லிக்கறேன்."

ஆட்டோக்காரர் இளவரசு ஹாரனை அடித்தார். சிதம்பரம் பஸ் போய்விடும் என்று சத்தம் போட்டார். அப்பா வெளியே போய் அவரிடம் ஏதோ சொன்னார். அதற்கப்புறம் ஹாரன் அடிக்கவில்லை, வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்றது.

சூடைக்கு முள் ஜாஸ்தி. மயிர்போல மெல்லிசாக, எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும். சிதம்பரம் போகவேண்டியவள் அவள், ஒவ்வொரு நிமிஷமும் அவள் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் அவசரப்படவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலால் சதையை நசுக்கி, முள்ளைத் தடவித் தடவி எடுத்துத் தரையில் வைத்தாள். ஊதி ஆற்றினாள். முதல் கவளத்தைத் தானேவின் வாய்க்கருகே கொண்டுபோனாள். அவன் இன்னும் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தான். அவள் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"உனுக்குத்தான்டா. வேற யாரும் இல்ல. நீ தின்னு."

அவன் திரும்பினான். மோந்தான். வாங்கிக்கொண்டான். தொண்டை ஏறி இறங்கியது. நான் அந்தத் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெஞ்சல்கூட எதுவும் கேட்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இரண்டாவது கவளம். மூன்றாவது. மழை ஒன்றிரண்டு துளியாகத் தகரக் கதவில் விழ ஆரம்பித்தது.

அப்போதுதான் போன் அடித்தது.

பையின் மேல் கிடந்த போன் அது. கண்ணாடியில் வெளிச்சம் வந்து, சுரேந்தரும் தீபிகாவும் கல்யாண மாலையோடு நிற்கிற படம் தெரிந்தது. அம்மா அதைப் பார்த்தாள். இரண்டு கையிலும் விரல் முழுக்க மீன். புடவையில் துடைக்கப் போனவள் துடைக்கவில்லை. அப்பா வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை, அவருடைய காலிலும் மீன் வாடை. யாரும் எடுக்கவில்லை. போன் நடுங்கி நடுங்கிப் பையிலிருந்து நழுவிச் சிமெண்ட் தரையில் இறங்கியது. பிறகு அங்கிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு குட்டி தவழ்வதுபோல, அவள் வைத்திருந்த முள் குவியலை நோக்கி நகர்ந்து வந்தது.

தானே அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கவே இல்லை. அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டதுபோல முன்னங்காலை அவள் மணிக்கட்டில் போட்டு, ஒவ்வொரு விரலாக, விரலிடுக்கு விரலிடுக்காக, நிதானமாக நக்கிக்கொண்டிருந்தான். அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை.